வீட்டுக்கு ஒருத்தர்

நாகலெட்சுமி: செத்தது யாருன்னு மொதல்ல சொல்லு கிஷாந்த்.

கிஷாந்த்: யாரும் சாகல அத்தே.

நாகலெட்சுமி: யாரும் சாகாம எதுக்குடா ஃபெக்டரி முடக்குலருந்து கோயில் வரைக்கும் வெள்ளக்கொடி தொங்குது?

கிஷாந்த்: அது நம்ம படத்துக்கு. நாளைக்கு சாவு சீன். இன்னைக்கே கட்டிட்டா காலைல நேரம் மிச்சம்னு...

நாகலெட்சுமி: மரண உதவிச் சங்கத்துக்கு செக்கரட்டரின்னு நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கீழ் டிவிசன்லருந்து மூணு பேரு சீனியும் தேயிலையும் வாங்கிக்கிட்டு வந்து, எந்த லயம், எந்த வீடுன்னு எங்கிட்ட கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?

ஆண்டியப்பன்: நான் பெரிய கேத்தலக் கழுவி அடுப்புல ஏத்திட்டேன் தங்கச்சி.

நாகலெட்சுமி: நீங்க எதுக்குண்ணே ஏத்துனீங்க?

ஆண்டியப்பன்: கொடியப் பாத்தேன். ஏத்துனேன். சங்கத்துச் சாமானுக்குப் பொறுப்பா இருவத்திரெண்டு வருசமா இருக்கேன். கொடியப் பாத்தா கேத்தல ஏத்தணும். செத்தது யாருன்னு அப்புறமாக் கேட்டுக்கலாம்.

நாகலெட்சுமி: எறக்குங்க.

ஆண்டியப்பன்: கொதிச்சிருச்சே.

நாகலெட்சுமி: அப்ப அந்த மூணு பேருக்கும் ஆளுக்கொரு டீயக் குடுத்து, சீனியையும் கையோட திருப்பிக் குடுத்து அனுப்புங்க.

ஆண்டியப்பன்: குடுத்துப் பாத்தேன். வாங்க மாட்டேங்குறாங்க. சாவு வீட்டுக்குன்னு கொண்டாந்தத திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாதாம்.

கிஷாந்த்: அது இருக்கட்டும் மாமா. நம்ம யூனிட்டுக்கு ஆகும். நேத்தோட சீனி முடிஞ்சிருச்சு.

நாகலெட்சுமி: ஒனக்கு வெக்கமா இல்லையாடா?

கிஷாந்த்: இருந்துச்சு அத்தே. எட்டாவது நாள் ஷூட்டிங்கோட முடிஞ்சிருச்சு.

நாகலெட்சுமி: பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

கிஷாந்த்: நானே ஒங்களப் பாக்க வரணும்னுதான் இருந்தேன். சங்கம் எனக்கு ஒரு உதவி செய்யணும்.

நாகலெட்சுமி: சங்கத்துப் பேரு என்ன?

கிஷாந்த்: மரண உதவிச் சங்கம்.

நாகலெட்சுமி: அதுல மரணம் மொதல்ல வருது. உதவி அதுக்குப் பின்னாலதான் வருது.

கிஷாந்த்: கேட்டுட்டுச் சொல்லுங்க அத்தே. நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு எனக்கு எரநூறு பேரு வேணும். சாவு வீட்டுல உக்கார, பொட்டிக்குப் பின்னால நடக்க. அவ்வளவுதான்.

நாகலெட்சுமி: கூலிக்குப் புடி.

கிஷாந்த்: தலைக்கு ஆயிரத்தி ஐநூறுன்னு வச்சாலும் மூணு லட்சம். சாப்பாடு தனி.

நாகலெட்சுமி: கையில எவ்வளவு இருக்கு?

கிஷாந்த்: பதினெட்டாயிரத்தி நானூறு.

ஆண்டியப்பன்: பன்னெண்டு பேரு வருவாங்க. சாப்பாடு இல்லாம.

கிஷாந்த்: பன்னெண்டு பேரு வந்தா அது சாவு இல்ல மாமா. பொண்ணு பாக்குறது.

நாகலெட்சுமி: லட்சம் லட்சமாப் போட்டுப் படம் எடுக்குறான் எம் மகன்னு வீரம்மா சொன்னாளே. அதெல்லாம் எங்க போச்சு?

கிஷாந்த்: அம்மா சொன்னது சரிதான். ஹட்டன்ல அஞ்சு வருசமா கலியாண வீடியோ எடுத்துச் சேத்தது ஆறு லட்சம். அம்மா சீட்டு எடுத்துக் குடுத்தது ரெண்டு. அப்புறம் நுவரெலியாவுல ஒரு மரக்கறி லொறி முதலாளி. பதினஞ்சு தாரேன்னாரு. அவருதான் புரொடியூசர். போஸ்டர்ல அவரு படத்தப் பெருசாப் போட்டுக் காட்டுனேன். அஞ்சு குடுத்தாரு.

நாகலெட்சுமி: மிச்சம் பத்து?

கிஷாந்த்: லீக்ஸ் வெல விழுந்துருச்சு.

நாகலெட்சுமி: லீக்ஸுக்கும் படத்துக்கும் என்னடா?

கிஷாந்த்: எனக்கும் மொதல்ல தெரியல. இப்ப தெனம் விடிஞ்சதும் மார்க்கட்டுக்குப் போன் எடுத்து லீக்ஸ் என்ன வெலன்னு கேக்குறேன். எங்க கெமராமேன் கேரட் வெலையும் சேத்துக் கேக்கச் சொல்றான்.

ஆண்டியப்பன்: கேரட் ஏறியிருக்கு தம்பி.

கிஷாந்த்: அவரு கேரட் போடலையாம் மாமா.

நாகலெட்சுமி: வேற ஆளே இல்லையா?

கிஷாந்த்: கொழும்புல ஒரு நிறுவனம் மூணு லட்சம் தாரேன்னாங்க. சுகாதாரம் பத்தி ஏதாச்சும் வரணும்னாங்க. சரின்னு கை கழுவுற சீன் ஒண்ணு எழுதுனேன். கதாநாயகன் அழுதுக்கிட்டே கை கழுவுறான். சோப்பு போட்டு.

நாகலெட்சுமி: குடுத்தாங்களா?

கிஷாந்த்: கழுவிட்டாங்க.

ஆண்டியப்பன்: அந்த சீன் படத்துல இருக்கா?

கிஷாந்த்: இருக்கு மாமா. எடுத்தாச்சே, வீணாக்க மனசில்ல.

நாகலெட்சுமி: காசு இல்லன்னா நிறுத்திட்டு, சேத்துக்கிட்டு அடுத்த வருசம் எடு. ஒன்ன யாரு தொரத்துறா?

கிஷாந்த்: கெமரா திங்கக்கெழம கொழும்புக்குப் போயிரும் அத்தே. நாள் வாடக முப்பத்தஞ்சாயிரம். இன்னொரு தடவ எடுக்க எனக்கு வக்கில்ல. அறுவத்திரெண்டு சீன் எடுத்தாச்சு. இந்த ஒண்ணு இல்லன்னா அந்த அறுவத்திரெண்டும் குப்ப. படமே இந்தச் சாவுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கு. அம்மா சீட்டுக் காசும் அதுலதான் கெடக்கு.

நாகலெட்சுமி: கதை என்ன?

கிஷாந்த்: ஒரு ஆளு தேயிலத் தோட்டத்த விட்டு ஓடிப் போறாரு. பொஞ்சாதி புள்ளைய விட்டுட்டு. ரொம்ப வருசம் கழிச்சுப் பொணமா வர்றாரு. இந்தப் பொணத்த நம்ம எடுக்கணுமா வேணாமான்னு லயத்துல பேசுறாங்க. அதான் கதை.

நாகலெட்சுமி: ...எங்க புடிச்ச இந்தக் கதைய?

கிஷாந்த்: கற்பனை.

நாகலெட்சுமி: ம். நல்ல கற்பனை.

ஆண்டியப்பன்: கடைசில எடுக்குறாங்களா?

கிஷாந்த்: அதுக்குத்தான் எரநூறு பேரு கேக்குறேன் மாமா. எடுத்தா எல்லாரும் நடப்பாங்க. ஆள் இல்லன்னா எடுக்கலன்னு கதைய மாத்தணும்.

நாகலெட்சுமி: காசு இல்லன்னு கதைய மாத்துவியா?

கிஷாந்த்: நாலு எடத்துல மாத்தியாச்சு. ரயில்ல வர வேண்டிய பொணம் இப்ப வேன்ல வருது.

நாகலெட்சுமி: சரி, சங்கத்துலருந்து என்ன வேணும், தெளிவாச் சொல்லு.

கிஷாந்த்: கூடாரம், நாக்காலி, கேத்தல். அப்புறம்... சங்கத்துச் சட்டத்துல ஒண்ணு இருக்குல்ல. சாவுன்னா வீட்டுக்கு ஒருத்தர் கட்டாயம் வரணும். வராட்டி ஐநூறு ரூவா தண்டம்.

நாகலெட்சுமி: இருக்கு.

கிஷாந்த்: கோயில் ஸ்பீக்கர்ல நீங்க ஒரு தடவ சொன்னாப் போதும். எரநூத்திப் பத்து வீடு. எனக்கு மூணு லட்சம் மிச்சம்.

நாகலெட்சுமி: நான் ஸ்பீக்கர்ல என்னன்னு சொல்ல? இன்னைக்கு யாரும் சாகல, ஆனா எல்லாரும் வாங்கன்னா?

கிஷாந்த்: நல்லமுத்து அண்ணன் கட்டார் நாட்டுல செத்தப்ப பொணமே வரல. போட்டோவுக்கு மாலையப் போட்டு, பொட்டிக்குள்ள அவரு சட்டைய வச்சு எடுத்தீங்க. நானும் நடந்தேன். பொணம் இல்லாம ஒரு தடவ செஞ்சீங்க அத்தே. சாவு இல்லாம ஒரு தடவ செய்ங்க.

ஆண்டியப்பன்: பய கேக்குறதுல ஞாயம் இருக்கு.

நாகலெட்சுமி: அண்ணே.

ஆண்டியப்பன்: இல்ல, சும்மா சொன்னேன்.

நாகலெட்சுமி: நல்லமுத்து மெம்பரு. அவன் பேரு கார்டுல இருந்துச்சு. மாசாமாசம் அம்பது ரூவா கட்டுனான். ஓங் கதையில செத்தவன் எந்தக் கார்டு? கார்டுல பேரு இருக்குற ஆளுக்குத்தான் சங்கம் செய்யும்.

கிஷாந்த்: எங்க வீட்டுக் கார்டுல எழுதிக்குங்களேன்.

நாகலெட்சுமி: ஒங்க கார்டுல யாரு யாரு இருக்கீங்க?

கிஷாந்த்: நானும் அம்மாவும்தான்.

நாகலெட்சுமி: ...அப்படியா.

கிஷாந்த்: ஏன்?

நாகலெட்சுமி: ஒண்ணுமில்ல. சொல்லு.

ஆண்டியப்பன்: தம்பி, நான் ஒண்ணு கேக்கணும். வர்ற ஆளுக்குப் பேரு போடுவியா?

கிஷாந்த்: கட்டாயம் மாமா. படம் முடிஞ்சதும் எல்லார் பேரும் வரிசையா ஓடும்.

ஆண்டியப்பன்: மலையில வேலைக்குப் பேரு போட்டா அன்னைக்குச் சம்பளம் வரும், அரப்பேருன்னா பாதி. படத்துல பேரு போட்டா என்ன வரும்?

கிஷாந்த்: பேரு வரும்.

ஆண்டியப்பன்: அரப்பேரா, முழுப்பேரா?

கிஷாந்த்: ஒங்களுக்கு முழுப்பேரு மாமா. கேத்தலோட.

ஆண்டியப்பன்: அப்ப சரி.

நாகலெட்சுமி: என்ன சரி? ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் சனத்துக்கு லீவு. துணி தொவைக்கணும், தோட்டம் கொத்தணும், வெறகு பொறுக்கணும். பொய்யா ஒரு சாவுக்கு வான்னு கூப்பிட்டுட்டு, நாளப்பின்ன நெசமா ஒண்ணு விழுந்தா எவன் வருவான்? நான் எந்த மூஞ்சிய வச்சுக் கூப்பிடுவேன்?

கிஷாந்த்: ...அது நான் யோசிக்கல.

நாகலெட்சுமி: யோசிக்க மாட்ட. ஒனக்குக் கெமராதான் கண்ணுக்குத் தெரியுது. பொட்டி எங்க?

கிஷாந்த்: அக்கரப்பத்தனையில வாங்கி வச்சிருக்கேன். வாடகைக்குத்தான் கேட்டேன். ஒருத்தர் படுத்து எந்திரிச்ச பொட்டிய அடுத்த ஆளு வாங்க மாட்டாங்க தம்பின்னு கடைக்காரர் சொல்லிட்டாரு. காசு குடுத்துத்தான் எடுத்தேன். ஆளச் செவுத்துல சாய்ச்சு நிக்க வச்சுப் போன்ல படம் புடிச்சு, அத அனுப்பித்தான் அளவு சொன்னேன்.

ஆண்டியப்பன்: படம் முடிஞ்சதும் பொட்டி என்னாகும்?

கிஷாந்த்: தெரியல மாமா.

ஆண்டியப்பன்: சங்கத்துக்குக் குடுத்துரு. சாமான் ரூம்ல எடம் இருக்கு. நீளம் என்ன?

கிஷாந்த்: அஞ்சே முக்கால் அடி.

ஆண்டியப்பன்: எனக்குச் சரியா இருக்கும்.

நாகலெட்சுமி: வாயக் கழுவுங்கண்ணே. ஏண்டா, அந்தப் பொட்டிக்குள்ள எவன் படுக்கப் போறான்? இந்தத் தோட்டத்துல லட்ச ரூவா குடுத்தாலும் எவனும் படுக்க மாட்டான்.

கிஷாந்த்: கேட்டுப் பாத்தேன். ஒருத்தர் இருவத்தையாயிரம் கேட்டாரு, சாமிக்குப் பரிகாரம் தனி. அதான் கொழும்புலருந்து ஒரு ஆளக் கூட்டியாந்துட்டேன். காசு வேணாம்னுட்டாரு.

ஆண்டியப்பன்: வேன்ல தொப்பி மாஸ்க்கோட உக்காந்துருக்காரே, அவரா?

கிஷாந்த்: அவருதான் பொணம்.

ஆண்டியப்பன்: டீ கொண்டு போனேன். கும்புட்டாரு, குடிக்கல. காலைல நானுஓயாவுல ரயில விட்டு எறங்குனதுலருந்து ஒண்ணும் குடிக்கலன்னு டிரைவர் சொன்னான். இன்னொண்ணு தங்கச்சி. வேன் பின்னால உருளுது, டயருக்கு அண்டக் கொடுக்கக் கல்லு வேணும்னு டிரைவர் தேடுறான். கொழுந்து நிறுக்குற பழைய மடுவத்துக்குப் பின்னால பெரிய கல்லு கெடக்கும்னு இவரு உள்ள இருந்தே சொல்றாரு. போய்ப் பாத்தா கெடக்கு. கொழும்பு ஆளுக்கு நம்ம கொழுந்து மடுவம் எப்படித் தெரியும்?

கிஷாந்த்: நான்... லொக்கேசன் படம் எல்லாம் காட்டியிருந்தேன்.

ஆண்டியப்பன்: கல்லையுமா?

கிஷாந்த்: எல்லாத்தையும்.

நாகலெட்சுமி: பொஞ்சாதியா யாரு அழுவுறா?

கிஷாந்த்: அம்மா.

நாகலெட்சுமி: வீரம்மாவா?

கிஷாந்த்: நடிகைக்குக் காசு இல்ல அத்தே. அம்மா சம்மதிச்சுட்டாங்க. ஆனா ஒத்திகையில அழ மாட்டேங்குறாங்க. ஓடிப் போனவனுக்கு எவ அழுவான்னு கேக்குறாங்க. கதைப்படி அழணும்மான்னா, கதைய மாத்துடாங்குறாங்க.

நாகலெட்சுமி: ...ஆண்டியப்பண்ணே.

ஆண்டியப்பன்: சொல்லு தங்கச்சி.

நாகலெட்சுமி: நாக்காலி எத்தன இருக்குன்னு எண்ணிட்டு வாங்க.

ஆண்டியப்பன்: அம்பத்திரெண்டு. போன வாரம்தானே எண்ணுனேன்.

நாகலெட்சுமி: இன்னொரு தடவ எண்ணுங்க. மெதுவா.

ஆண்டியப்பன்: ...சரி. அப்படியே அந்தாளுக்கு இன்னொரு டீயக் குடுத்துப் பாக்குறேன்.

நாகலெட்சுமி: கதவச் சாத்திட்டுப் போங்க.

கிஷாந்த்: அத்தே, ஒங்களுக்கு இஷ்டம் இல்லன்னா விட்டுருங்க. இருக்குற யூனிட் ஆளு பதினோரு பேர நடக்க விட்டு, பொகையப் போட்டு, கூட்டம் மாதிரி எடுத்துக்குறேன். கொடியையும் அவுத்துர்றேன்.

நாகலெட்சுமி: இரு. ரிஜிஸ்டரத் தொறக்குறேன். பொணமாப் படுக்குற ஆளு பேரச் சொல்லு.

கிஷாந்த்: எதுக்கு?

நாகலெட்சுமி: பேரு இல்லாம எதையும் எழுத முடியாது.

கிஷாந்த்: அப்ப எழுதப் போறீங்களா?

நாகலெட்சுமி: பேரச் சொல்லு. அப்புறம் பாப்போம்.

கிஷாந்த்: கதையில அவருக்குப் பேரே வைக்கல அத்தே.

நாகலெட்சுமி: கொழும்பு ஆளுக்குப் பேரு இருக்கும்ல?

கிஷாந்த்: கந்தப்பன்.

நாகலெட்சுமி: அப்பன் பேரு?

கிஷாந்த்: பெரியசாமி.

நாகலெட்சுமி: இவருக்குப் புள்ளைங்க?

கிஷாந்த்: ஒரே பையன். கலியாண வீடியோ எடுக்குறான்.

நாகலெட்சுமி: ம்.

கிஷாந்த்: ...எங்கப்பாதான் அத்தே.

நாகலெட்சுமி: எப்ப கண்டுபுடிச்ச?

கிஷாந்த்: தேடிப் போகல. தேடணும்னு நெனச்சதும் இல்ல. யாராச்சும் கேட்டா செத்துட்டாருன்னு சொல்லித்தானே அம்மா என்ன வளத்தாங்க. ரெண்டு மாசத்துக்கு முன்ன, கொழும்புல சாப்பாட்டுக் கடை வச்சிருக்குற ஒரு முதலாளிகிட்ட படத்துக்குக் காசு கேட்டுப் போனேன். கதைய ஒக்காந்து கேட்டாரு. ஓடிப் போன ஆளு, பொணமா வர்றாரு, எல்லாம் சொன்னேன். பாட்டு இல்லாத படத்துக்குக் காசு இல்லன்னுட்டாரு. டீ கொண்டாந்து வச்ச ஆளு நகரவே இல்ல. நிமுந்து பாத்தேன்.

நாகலெட்சுமி: ஒனக்கு அடையாளம் தெரிஞ்சுதா?

கிஷாந்த்: பன்னெண்டு வயசுல பாத்த மொகம். கெழவனாயிட்டாரு. ஆனா தெரிஞ்சுது. கதை முழுசையும் கேட்டுட்டாரு அத்தே. நான் அவருக்கு முன்னாலயே அவர ஓட விட்டு, சாகடிச்சு, பொட்டியில வச்சிருக்கேன்.

நாகலெட்சுமி: என்ன சொன்னாரு?

கிஷாந்த்: டீ ஆறுதுன்னாரு.

நாகலெட்சுமி: மூணு மாசத்துல வாரேன்னுட்டுப் போனவரு. பதினாறு வருசம். வேற குடும்பமா? குடியா?

கிஷாந்த்: அப்படி ஏதாச்சும் இருந்தா நல்லாத் திட்டிட்டு வந்துருப்பேன். ஒண்ணும் இல்ல. மொத வருசம் கையில காசு நிக்கலையாம், வெறுங்கையோட வர வெக்கமா இருந்துச்சாம். ரெண்டாவது வருசம், மொத வருசம் போகலையேன்னு வெக்கம். அப்புறம் வருசா வருசம் கூடிக்கிட்டே போச்சாம். வெக்கமா இருந்துச்சுன்னு ஒரு மனுசன் சொன்னா, அவர என்னன்னு திட்டுறது?

நாகலெட்சுமி: காசு கேட்டியா?

கிஷாந்த்: கேட்டேன். கோவத்துல கேட்டேன். எம் படத்துக்குக் காசு போடுறீங்களான்னேன். காசு இல்ல, ஆளா வேணும்னா வாரேன்னாரு. உசுரோட அந்த லயத்துக்குள்ள நடக்க எனக்குக் காலு வராதுடா, நாலு பேரு தூக்கிட்டுப் போறதுன்னா வந்துர்றேன்னாரு. நான் மொதல்ல செலவு மிச்சம்னுதான் சரின்னேன் அத்தே. சத்தியமா. இருவத்தையாயிரம் மிச்சம்னு நெனச்சேன். ராத்திரி ரயில்ல திரும்பி வரும்போதுதான் அழுக வந்துச்சு.

நாகலெட்சுமி: வீரம்மாவுக்குத் தெரியுமா?

கிஷாந்த்: தெரியாது. தெரிஞ்சா கல்லத் தூக்கிப் போட்டுருவாங்க. மொகத்துக்குத் துணியப் போட்டு மூடி எடுத்துரலாம்னு இருக்கேன். எடுத்து முடிச்சதும் அவரு வேன்ல ஏறி அப்படியே போயிருவாரு. யாருக்கும் தெரிய வேணாம்.

நாகலெட்சுமி: இந்தாடா. படி.

கிஷாந்த்: என்ன?

நாகலெட்சுமி: ஒங்க வீட்டுக் கார்டு. எழுத்துக் கூட்டியாச்சும் படி.

கிஷாந்த்: வீரம்மா... கிஷாந்த்... கந்தப்பன் பெரியசாமி. இது பழசு. எப்பவோ வெட்டியிருப்பீங்க.

நாகலெட்சுமி: கோடு போட்டிருக்கா?

கிஷாந்த்: ...இல்ல. போன மாசம் வரைக்கும் அம்பது அம்பதுன்னு இருக்கு. மூணு பேருக்கும். அத்தே, இது யாரு கட்டுறது? அவரு இல்ல. சங்கத்த நெனப்பு இருக்கான்னு கேட்டதுக்கு, எம் பேர அன்னைக்கே வெட்டியிருப்பாங்கன்னாரு.

ஆண்டியப்பன்: எண்ணிட்டேன் தங்கச்சி. அம்பத்திரெண்டு. கந்தப்பண்ணன் டீயக் குடிச்சிட்டாரு.

கிஷாந்த்: ...மாமா, ஒங்களுக்குத் தெரியுமா?

ஆண்டியப்பன்: பத்து வருசம் ஒரே மலையில பக்கத்துல பக்கத்துல நின்னு கவ்வாத்து வெட்டியிருக்கோம். தொப்பியப் போட்டா தெரியாமப் போயிருமா?

கிஷாந்த்: அப்புறம் ஏன் கொழும்பு ஆளு, கொழும்பு ஆளுன்னீங்க?

ஆண்டியப்பன்: டைரக்டர் நீ. நீ சொன்ன. நான் யாரு மறுத்துப் பேச? கல்லச் சொல்லிப் பாத்தேன், நீ அசரல.

நாகலெட்சுமி: அண்ணே, கேத்தல எறக்க வேணாம். கூடாரத்த நாளைக்கு ஆறு மணிக்கே கட்டிருங்க. ஸ்பீக்கர்ல நான் பேசிக்குறேன்.

கிஷாந்த்: என்னன்னு பேசுவீங்க? பொய்யாக் கூப்பிட முடியாதுன்னீங்க.

நாகலெட்சுமி: பொய் எதுக்கு? நம்ம கந்தப்பன் வந்துருக்காரு, நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்குத் தூக்குறோம், எல்லாரும் வாங்கன்னு சொல்லுவேன். இதுல எந்த வார்த்த பொய்? தண்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம். வீட்டுக்கு ஒருத்தர்தான் நீ கேட்ட. வீட்டப் பூட்டிக்கிட்டு வருவாங்க பாரு.

கிஷாந்த்: சரி, சனம் வரும். அம்மா? ஸ்பீக்கர்ல பேரக் கேட்டா அம்மா வீட்ட விட்டு வெளியவே வர மாட்டாங்க. படமும் போச்சு, அவரும் போயிருவாரு. அதுக்கு என்ன செய்யுறது, நீங்களே சொல்லுங்க.

நாகலெட்சுமி: பதினாறு வருசமா சம்பளம் போட்ட அன்னைக்கு யாருக்கும் தெரியாம வந்து அந்த மூணாவது அம்பது ரூவாயக் கட்டுறது ஒங்கம்மாதாண்டா. பொட்டிக்கு அளவுன்னு ஒம் போன்ல படம் புடிச்சு வச்சிருந்தியே, ரெண்டு வாரத்துக்கு முந்தியே அதப் பாத்துட்டாளாம். நீயா வாயத் தொறக்கட்டும்னுதான் நானும் தெரியாதவளாட்டம் கேட்டுக்கிட்டு இருந்தேன். நேத்து ஹட்டனுக்குப் போயி கோடித்துணி எடுத்துட்டு வந்து, என் கண்ணு முன்னாலதான் பிரிச்சா. வேட்டி, துண்டு, கூட ஒரு புதுச் சட்ட. பொணத்துக்குச் சட்ட எதுக்கு வீரம்மான்னு கேட்டேன். எந்திரிச்சதும் மனுசன் எதப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வருவாருன்னு கேக்குறா.